கூட ஓடியவர்

என் மனைவி பூங்கொடி அன்றைக்குத் தனியாகத்தான் ஓடினாள். அதற்கு நானே சாட்சி. கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில், அவளுடைய துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்னால் ஆள் இல்லை, பின்னால் ஆள் இல்லை. வழியில் படுத்திருந்த ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று மறுபடி படுத்துக்கொண்டது.

ஓடி முடித்து மூச்சிரைக்க வந்தவள் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங், இதக் கொஞ்சம் பாருங்."

'கூடவே' செயலி வழக்கம்போல எல்லாவற்றையும் எழுதியிருந்தது. ஓடிய பாதை, தூரம், வேகம். கடைசி வரியில் இப்படி இருந்தது: கூட ஓடியவர், ஜெசிந்தா. உங்கள் இடப்பக்கம்.

"ஜெசிந்தாவா? அவ எங்க வந்தா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"ஒருவேள பேய் கீய்..."

"உசுரோட புலியகுளத்துல இருக்கறவ எப்படிங் பேயா வருவா?" என்று துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜெசிந்தா உயிரோடுதான் இருந்தாள். ஆனால் அவளும் பூங்கொடியும் பேசிக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு எட்டு வருடம், மழை பெய்தாலும் பனி பெய்தாலும், இருவரும் தோளோடு தோள் உரச இதே பாதையில் ஓடியவர்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெயர் சிவசாமி. காந்திபுரத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை. ஓட்டம் என்று நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். இப்போது ஓட்டுநர் இல்லாத பஸ்கள் வந்துவிட்டதால் அதுவும் நின்றுபோனது. அவை நம்மைப் பார்த்துவிட்டால் தாமாகவே நின்று தொலைக்கின்றன. நடையாவது உண்டு. ஆனால் என் நடை என் நடைதான், யாருக்காகவும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஓடுகிறவர்களின் கதை வேறு. ரேஸ்கோர்ஸில் 'விடியல் கால்கள்' என்று ஒரு குழு உண்டு. ஓடி முடித்ததும் எல்லோரும் தங்கராசுவின் மூலிகை சூப் வண்டியைச் சூழ்ந்துகொள்வார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அவரவர் போனில் அன்றைய ஓட்டத்தைப் பற்றிச் செயலி என்ன எழுதியிருக்கிறதோ, அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் சூப் கிண்ணத்தைக் கையில் வாங்க வேண்டும். "படிக்காம சூப்பு இல்லீங்" என்பதில் தங்கராசு கறாராக இருப்பான். ஓடாத எனக்கு மட்டும் விலக்கு. எனக்குக் கிடைக்கும் சூப்பில் மிளகு கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

தூரமும் வேகமும் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. தீபாவளிக்கு முன்பு செயலியைப் புதுப்பித்தார்கள். அதிலிருந்துதான் அந்தக் கடைசி வரி வந்தது. பக்கத்தில் ஓடியவர் போன் வைத்திருக்க வேண்டியதில்லை, செயலியே போட்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் காலடியை வைத்தே அவர் யார் என்று சொல்லிவிடும். பழகிய நடையாக இருந்தால் போதும்.

ஊர் கொஞ்சம் ஆடித்தான் போனது. பரம விரோதிகள் என்று ஊரே நம்பியிருந்த இரண்டு நகைக்கடைக்காரர்கள் வாரத்தில் ஐந்து நாள் சேர்ந்து ஓடுவது வெளியே வந்தது. ஒரு கல்யாணத் தரகர், ஜாதகத்தோடு நடைப் பொருத்தமும் பார்த்துத் தருவதாக போர்டு வைத்தார். இதெல்லாம் சிரிக்கக்கூடியவை. எங்கள் குழுவில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள், நல்ல ஓட்டக்காரி. கூடப் படிக்கும் ஒரு பையனோடு ஓடியதாகச் செயலி எழுதியதை அவளுடைய அப்பா பார்த்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை. அவளுடைய கிண்ணத்தைத் தங்கராசு கொஞ்ச நாள் தனியாகவே கவிழ்த்து வைத்திருந்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

எங்கள் வீட்டுக் கலகம் இன்னொரு வரியால் வந்தது. தனியாக ஓடினால் உங்களால் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்றும் செயலி ஊகித்துச் சொன்னது. பூங்கொடிக்கு அது சொன்ன வேகத்தில் ஓடினால், தை மாதத்தில் நடக்கும் நகர ஓட்டத்தில் அவள் வயதுப் பெண்களில் முதலாவதாக வரலாம். அதைச் சூப் வண்டி முன்னால் படித்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் கை தட்ட, "இத்தன வருசமா இவ முட்டிக்காகத்தானே நான் கால அடக்கி அடக்கி ஓடுறேன். இந்தப் பாரத்த இழுத்துட்டு ஓடலைன்னா நான் எங்கயோ போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஜெசிந்தா கிண்ணத்தை வண்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாதி சூப் அப்படியே இருந்தது.

மன்னிப்புக் கேள் என்று நான் சொன்னேன். "நான் சொன்னதுல என்னங் பொய்?" என்றாள். வருடா வருடம் இருவரும் ஜோடி ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பார்கள், நாலாவதாக வருவார்கள். இந்த முறை தனி ஓட்டத்துக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாள். அங்கேதான் சிக்கல். வேகமான ஆளைப் பக்கத்தில் ஓடவிட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்ட சில கெட்டிக்காரர்களால், தனி ஓட்டக்காரர்கள் தனியாகத்தான் ஓடுகிறார்கள் என்று 'கூடவே' சான்று தர வேண்டும் என விதி வந்திருந்தது. செயலியோ தினமும் ஜெசிந்தா பெயரை எழுதியது.

பூங்கொடி விடவில்லை. எதிர்த்திசையில் ஓடிப் பார்த்தாள். புது ஷூ போட்டு ஓடினாள். பாதையின் இடது ஓரமாக, பக்கத்தில் எறும்புகூட வர முடியாதபடி சுவரை ஒட்டி ஓடினாள். கடைசியில் போனை என்னிடம் கொடுத்து என்னை ஓடச் சொன்னாள். நானும் ஒரு சுற்று ஓடினேன், அல்லது அப்படி ஒன்றைச் செய்தேன். 'இது பூங்கொடி அல்ல. இவருக்கு உதவி தேவைப்படலாம்' என்று எழுதி, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டது.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியது. சரவணம்பட்டியில் இருந்த அந்தச் செயலிக்காரர்களின் அலுவலகத்துக்கே கிளம்பிப் போனோம்.

எங்களைச் சந்தித்த பெண்ணின் பெயர் தமயந்தி. செயலியில் நடையைப் படிக்கும் பகுதியை எழுதியவர்களில் ஒருத்தி. எங்களுக்கு முட்டை பப்ஸ் வாங்கி வைத்துவிட்டு, பூங்கொடி கொட்டியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, உங்க இடுப்புல இருக்கற போனுக்கு நீங்க வைக்கற ஒவ்வொரு அடியும் தெரியும். ரெண்டு பேரு சேந்து ஓடுனா, அவங்களுக்கே தெரியாம ஒருத்தர் கால் இன்னொருத்தருக்கு விட்டுக் குடுக்கும். எங்க, எவ்வளவு விட்டுக் குடுக்குதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். அத வச்சுத்தான் பேரு சொல்லுது."

"சரி, அவ வரவேயில்லயே கண்ணு. அப்புறம் எப்படி?"

"அவங்க வரலைங்க்கா. உங்க கால் அவங்களுக்கு இடம் விட்டே ஓடுது. உங்க அடி எவ்வளவு நீளம் வரோணுமோ அவ்வளவு வரல. குறுக்கிக் குறுக்கி வைக்கறீங்க."

பூங்கொடி என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? நான் குறுக்கித்தான் ஓடுறேன்னு மிசினே சொல்லுது. நான் சொன்னப்ப என்னமோ தப்பு மாதிரி பாத்தீங்களே."

நான் பப்ஸை இன்னொரு கடி கடித்தேன்.

"அப்ப அந்தப் பேர அழிச்சுட்டு சான்றக் குடு."

"என்னால ஆகாதுங்க்கா." தமயந்தி தயங்கினாள். "இந்த மாதிரி ரெண்டு பேரு சேந்து உண்டான நடை ரெண்டு பேருக்கும் சொந்தம்னு போன மாசம் ஒரு வழக்குல தீர்ப்பாயிருச்சு. ஒருத்தர் மட்டும் கேட்டா அழிக்கக் கூடாது. அவங்களும் அவங்க போன்ல சம்மதம்னு அமுத்தோணும்."

"இதென்னம்மா, விவாகரத்து மாதிரி இருக்குது?" என்றேன்.

"அதவிடக் கஷ்டமுங்க அங்கிள். விவாகரத்துக்குப் பொறகும் நடை மாறாம வர்றவங்க இருக்காங்க." சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் போட்டுக்கங்க. நடக்கறவங்களுக்கும் இது எழுதும். உங்க நடையப் படிக்க ஒரு மாசம் எடுத்துக்கும்."

"என்ற நடையில படிக்க என்னம்மா இருக்குது? கடைக்கும் வீட்டுக்கும் தனியா நடக்கற ஆளு நான்."

ஆனாலும் பப்ஸ் தின்ற நன்றிக்குப் போட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே புலியகுளம். ஜெசிந்தா ஒரு வங்கியில் அதிகாரி. அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்று என்னை மட்டும் கூப்பிட்டாள். அவள் லேசாகக் காலைச் சாய்த்து நடப்பதைப் பார்த்தேன். சோபாவில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், பிரிட்ஜில் உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்று துண்டில் சுற்றிக் கிடந்தது.

மூன்று காபி வந்தது. பூங்கொடிக்குச் சர்க்கரை இல்லாமல், அவள் குடிக்கிற மாதிரி, நுரையை எடுத்துவிட்டு. பூங்கொடி அதைப் பார்த்தாள், ஆனால் தொடவில்லை.

"ஒரு சம்மதம் வேணும்," என்றாள். "நீ உன்ற போன்ல ஒண்ண அமுத்தோணும். நீ என்ற கூட ஓடலைன்னு."

"ஓடலதான். மூணு வாரமா நான் சாயங்காலத்துல தனியா ஓடுறேன்." ஜெசிந்தா தன் போனை எடுத்து மேசைமேல் தள்ளினாள். "எனக்கும் உன்ற பேருதான் வருது. வலப்பக்கமாம்."

பூங்கொடிக்கு வந்த வேகம் குறையவில்லை. "ஏன் வருதுன்னு தெரியுமா உனக்கு? அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொன்னா. உனக்காக நான் அடியக் குறுக்கிக் குறுக்கி..."

"தமயந்தியா? நானும் போயிருந்தேன். முட்ட பப்ஸ் வாங்கிக் குடுத்தா." ஜெசிந்தாவின் குரல் சாதாரணமாக இருந்தது. "எனக்கு வேற சொன்னா. நான் அடிய நீட்டிப் போடுறேனாம்."

"எத?"

"என்ற அடி சின்னதுடி. உனக்கு ஈடு குடுக்கோணும்னு இத்தன வருசமா எக்கி எக்கிப் போட்டுட்டிருக்கறேன். முட்டி போனதே அதுனாலதான்னு டாக்டர் சொல்லி நாலு வருசமாச்சு."

நான் காபியை மெதுவாக உறிஞ்சினேன். அப்போது சத்தம் போடுவது சரியில்லை என்று தோன்றியது.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"வேகமா ஓடுறப்பத்தானே உன்ற மூஞ்சி நல்லாருக்கும். சொன்னா நீ நிப்பாட்டிருவ."

"நான் எங்கடி வேகமா ஓடுனேன்? உனக்கு வலிக்குதேன்னு மெதுவாத்தானே..." பூங்கொடி பாதியில் நிறுத்தினாள்.

எனக்குக் கணக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அவளுக்கு முட்டி வலிக்கிறதே என்று இவள் குறுக்கியிருக்கிறாள். இவள் சுகமாக ஓட வேண்டுமே என்று அவள் நீட்டியிருக்கிறாள். நீட்டியதால் வலித்திருக்கிறது. வலிப்பதைப் பார்த்து இவள் இன்னும் குறுக்கியிருக்கிறாள். எட்டு வருடமாக இருவருமே தம் காலில் ஓடவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பட்டாணி குருமாவுக்குப் போயிருக்கும்.

"நீ மெதுவா ஓடுனேன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல பூங்கொடி," என்றாள் ஜெசிந்தா. "எல்லாரு முன்னாடியும் பாரம்னு சொன்னே பாரு. அதுதான் தாங்க முடியல."

பூங்கொடி அழுதாள். என் மனைவி அழகாக அழத் தெரியாதவள். மூக்கு சிவந்து, விக்கல் வந்து, பார்க்க வேடிக்கையாக இருக்கும். "தப்புடி. நான் சொன்னது பெரிய தப்பு," என்றாள். ஜெசிந்தா பட்டாணியைச் சுற்றியிருந்த ஈரத் துண்டையே எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஜில்லென்று பட்டதும் விக்கல் நின்றது.

"சரி, அமுத்தட்டுமா?" ஜெசிந்தா போனைக் கையில் எடுத்தாள்.

பூங்கொடி அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் வேண்டாம். ஜோடி ஓட்டத்துக்கே பேரு குடுப்போம்."

"குடுக்கலாம். ஆனா இனி நீ குறுக்கக் கூடாது. நான் நீட்ட மாட்டேன்."

"அப்படின்னா மொதல் சுத்துலயே பிரிஞ்சுருவோமே."

"பிரிஞ்சா என்ன? ரேஸ்கோர்ஸ் வட்டந்தானே."

மறுநாளிலிருந்து ஒரு கூத்து ஆரம்பித்தது. பூங்கொடி ஒரு திசையில் ஓடுவாள், ஜெசிந்தா எதிர்த்திசையில். எங்காவது எதிரெதிரே வந்துதான் ஆக வேண்டும். வந்ததும் கையைத் தட்டிக்கொள்வார்கள். நின்று பேச நேரமில்லாததால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அடுத்த சந்திப்பில் முடிப்பார்கள். "எங்க மேனேஜர் இருக்காரே" என்பது என் பெஞ்சுக்கு எதிரில் விழும். அந்த மேனேஜர் என்ன செய்தார் என்பது பாதையின் வேறு மூலையில் விழும். எனக்கு எந்தக் கதையுமே முழுசாகக் கிடைக்கவில்லை. அந்த மாதத்தில் எனக்கிருந்த ஒரே குறை அதுதான்.

தை மாத ஓட்டம் வந்தது. அன்று எல்லோரும் ஒரே திசை. வெடிச்சத்தம் கேட்டதும் இருவரும் சேர்ந்துதான் புறப்பட்டார்கள். கொஞ்ச தூரத்திலேயே பூங்கொடி பிரிந்து முன்னால் போனாள். நான் அவள் இப்படி ஓடிப் பார்த்ததேயில்லை. கால் நன்றாக விரிந்து, தோள் தளர்ந்து, முகம் அத்தனை நிம்மதியாக இருந்தது. ஜெசிந்தா பின்னால் தன் சின்ன அடிகளை வைத்து, கூட ஓடிய யாரிடமோ பேசிக்கொண்டே வந்தாள்.

முடிவுக் கோட்டுக்கு ஓரடி முன்னால் பூங்கொடி நின்றுவிட்டாள். இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த ஜோடிகள் எல்லாம் அவளைத் தாண்டிக் கோட்டைக் கடந்தன. "அக்கா, கால வைங்க" என்று கூட்டம் கத்தியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கடந்தார்கள்.

இரண்டு போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. இரண்டிலும் ஒரே வரி. கூட ஓடியவர்: யாருமில்லை.

ஓட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மன்னிக்கோணுங் மேடம். ஜோடி ஓட்டத்துக்கும் சான்று வேணுமுங், செயலி நீங்க ஜோடியா ஓடலைன்னு காட்டுது. போட்டியில இருந்து எடுத்தாச்சுங்."

பூங்கொடி போனைப் பார்த்தாள், கோத்திருந்த கையைப் பார்த்தாள். "மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்தப்ப ஜோடின்னுச்சு. இப்ப யாருமில்லைங்குது."

"அதுக்குக் கால்தானே தெரியும், பாவம்," என்றாள் ஜெசிந்தா. பிறகு முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "வலிக்கலடி. ஒரு துளிகூட வலிக்கல."

இருவரும் நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள். நடத்தியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை சூப் வண்டியில் நல்ல கூட்டம். நீக்கப்பட்ட ஜோடி என்று இருவருக்கும் ஏகப்பட்ட மரியாதை. நான் எனக்குரிய மிளகு குறைந்த கிண்ணத்துக்குக் கை நீட்டினேன். அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

தங்கராசு கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "உங்களுக்கும் எழுதியிருச்சாட்ட இருக்குதுங். படிக்காம சூப்பு இல்லீங்."

நான் அந்தச் செயலியையே மறந்திருந்தேன். ஒரு மாதமாக என் நடையைப் படித்து முடித்துவிட்டு, முந்தைய நாள் சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்ததை எழுதியிருந்தது. அன்று என்னோடு யாரும் வரவில்லை. பூங்கொடி வீட்டில் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தேன். தூரம் படித்தேன், வேகம் படித்தேன். கடைசி வரியில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"சத்தமாங்," என்றான் தங்கராசு.

"கூட நடந்தவர், பூங்கொடி. நான்கு அடி முன்னால்."

வண்டியே ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள். ஜெசிந்தா சூப்பைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கோ கடைக்கோ பூங்கொடி எனக்கு முன்னால்தான் நடப்பாள். நான் பின்னால் வருவேன். அது என் சொந்த நடை என்றே நினைத்திருந்தேன்.

பூங்கொடி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுதான் தெனமும் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வர்றீங்களா?" என்றாள்.

காருக்குத் திரும்பும்போது அவள் வழக்கம்போல முன்னால் போனாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக நடையைத் தளர்த்தி என் பக்கத்துக்கு வந்தாள்.

"நீ பாட்டுக்கு முன்னால போ," என்றேன். "இல்லாட்டி நாளைக்கு அது வேற யாரு பேரையாச்சும் சொல்லீரும்."